ஊரை எரித்தால் யுத்தம் முடியுமா?

யுத்தத்தில் இழைக்கப்படும் ஒவ்வொரு கொடுமைக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. "இது கொடியதுதான், ஆனால் இதனால் யுத்தம் சீக்கிரம் முடியும், சீக்கிரம் முடிந்தால் மொத்தத்தில் சாகிறவர்கள் குறைவார்கள்" என்பதே அது. போர்க்களத்தில் எதிர்த்து நிற்கும் படையை விட்டுவிட்டு, அதற்கு நூற்றுக்கணக்கான மைல் பின்னால் உள்ள பட்டணங்களின் மீது ஆகாய விமானங்களிலிருந்து குண்டும் தீயும் பொழிகிறவர்கள் இந்தச் சமாதானத்தையே முக்கியமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். கேட்பதற்கு இது கருணையின் குரலைப் போல இருக்கிறது. கணக்குத் தெரிந்தவன் பேச்சைப் போலவும் இருக்கிறது. அதனால்தான் நல்லவர்கள் பலரும் இதற்கு இணங்கிப் போனார்கள்.

இந்த வாதம் 1945-ஆம் வருஷத்தோடு செத்துப் போகவில்லை. புது விமானமும் புது வெடிமருந்தும் வந்தவுடன் இதுவும் புதுச் சட்டை மாட்டிக் கொண்டு வந்து நிற்கிறது. ஆகவே இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்து விசாரிப்பது அவசியம் என்று கருதுகிறோம். வாக்களித்த பலன் கிடைத்ததா என்பது ஒன்று. கிடைத்திருந்தால் அது நியாயமாகி விடுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கலந்து பேசுவது நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் அறிந்த பழைய தந்திரம். தர்மத்தைப் பற்றிக் கேட்டால் பலனைக் காட்டுவார்கள், பலனைப் பற்றிக் கேட்டால், "எதிரி மட்டும் யோக்கியனா?" என்பார்கள்.

இந்தக் கொள்கைக்குச் சாஸ்திரம் எழுதியவர் இத்தாலியச் சேனாபதி ஜூலியோ டூஹே. விமானத்திலிருந்து முதல் குண்டு வீசப்பட்டது 1911-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், லிபியாவில். வீசியவர் ஓர் இத்தாலியர். அந்தக் குண்டு கையால் எடுத்து எறியக் கூடிய சிறு குண்டு. பத்து வருஷங்களுக்குப் பின், 1921-ல், டூஹே ஆகாய ஆதிக்கத்தைப் பற்றித் தமது நூலை வெளியிட்டார். 1914 முதல் 1918 வரை ஐரோப்பிய வாலிபர்கள் சேற்றுக் குழிகளில் லட்சக்கணக்காக மடிந்ததை உலகம் அப்போதுதான் பார்த்து முடித்திருந்தது. இனி அப்படிப்பட்ட யுத்தம் வேண்டாம்; எதிரியின் நகரங்களை வானத்திலிருந்து அடித்தால், வேதனை தாங்காத ஜனங்களே எழுந்து தங்கள் சர்க்காரைச் சமாதானத்துக்குக் கட்டாயப்படுத்துவார்கள்; யுத்தம் சில நாட்களில் முடிந்து விடும் என்பது அவருடைய சித்தாந்தம். ஜனங்கள் பயந்தவுடன் சர்க்காரைக் கவிழ்ப்பார்கள் என்ற ஒரே தூணின் மேல் கட்டப்பட்ட மாளிகை அது.

டூஹேயின் புஸ்தகம் வெளிவருவதற்கு முன்பே இந்த வித்தையின் ருசியை நமது நாடு கண்டிருந்தது. ஜாலியன்வாலாபாக்கில் ரத்தம் உலர்வதற்குள், 1919 ஏப்ரல் 14-ஆம் தேதி, பஞ்சாபிலுள்ள குஜ்ரன்வாலாவில் பிரிட்டிஷ் விமானங்கள் ஜனங்களின் மீது குண்டு போட்டன. இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டன. ஹண்டர் கமிட்டியின் முன் இது சாட்சியமாகவே வந்தது. பிறகு ஈராக்கிலும், வடமேற்கு எல்லைப்புறத்திலும், கிராமங்களை விமானத்தால் அடித்து அடக்குவது சர்க்காரின் வழக்கமாயிற்று. 1925-ல் வஜீரிஸ்தானத்து மலைவாசிகளை 54 நாட்கள் விமானங்களால் மட்டுமே தாக்கிப் பணிய வைத்ததாகப் பெருமையடித்துக் கொண்டார்கள். தரைப்படையை அனுப்புவதைவிட இதற்குச் செலவு குறைவு என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். இந்தியாவிலும் ஈராக்கிலும் விமானப் படையில் பணியாற்றிய அதிகாரிகளில் ஒருவர் ஆர்தர் ஹாரிஸ். பின்னால் ஜெர்மன் நகரங்களை எரித்த படைக்குத் தலைவராக இருந்தவர் அவரே.

நாகரிக உலகம் இந்த ஆபத்தை அறியாமல் இல்லை. ஹேக் நகரில் கூடிய சட்ட நிபுணர்கள் 1923-ல் ஆகாய யுத்தத்துக்கு விதிகள் வகுத்தார்கள். பொதுஜனங்களைப் பயமுறுத்துவதற்காகக் குண்டு வீசலாகாது என்று அவை தெளிவாகக் கூறின. எந்த ராஜ்யமும் அவற்றை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. 1932-ல் ஜினீவாவில் ஆயுதக் குறைப்பு மகாநாடு கூடியது. மறு வருஷம் பிரிட்டன் அங்கே சமர்ப்பித்த நகல் உடன்படிக்கை, ஆகாயக் குண்டுவீச்சை அடியோடு விலக்க வேண்டுமென்று சொல்லிவிட்டு, தொலைவிலுள்ள சில பிரதேசங்களில் போலீஸ் காரியங்களுக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்டது. லண்டன்வாசியின் தலையில் குண்டு விழக் கூடாது; வஜீரிஸ்தானத்து இடையன் தலையில் விழலாம் என்பதுதான் இதன் பொருள். மகாநாடு உடைந்ததற்கு இந்த விதிவிலக்கு ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஹிட்லர் 1933 அக்டோபரில் வெளியேறியது பெருங்காரணம். ஆயினும் ஒரு சட்டத்தை எழுதும்போதே, "இது எனக்கு அடங்கியவர்களைக் காப்பாற்றாது" என்று சொல்லுகிறவன், அந்தச் சட்டத்தின் உயிரைத் தானே வாங்கி விடுகிறான்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய 1939 செப்டம்பர் முதல் தேதியன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பொதுஜனங்களின் மீது குண்டு வீசுவதில்லை என்று வாக்களிக்கும்படி எல்லா ராஜ்யங்களையும் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த மாதமே வார்ஸா எரிந்தது. 1940 மே 14-ல், சரணடைவதற்குப் பேச்சு நடந்து கொண்டிருக்கும்போதே ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதி அழிக்கப்பட்டது. செப்டம்பர் 7-ஆம் தேதி முதல் லண்டன் நகரம் தொடர்ந்து 57 இரவுகள் அடிபட்டது. நவம்பரில் காவன்ட்ரியில் ஒரே இரவில் 500 பேருக்கு மேல் மாண்டனர். 1941 மே மாதம் வரை நடந்த இத்தாக்குதல்களில் பிரிட்டனில் சுமார் 43,000 பொதுஜனங்கள் உயிரிழந்தார்கள். பாபத்தைத் தொடங்கியவர்கள் நாஜிகளே என்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. 1937-ல் ஸ்பெயினில் குவர்னிக்கா நகரத்தை எரித்தவர்களும் அவர்களே. அவர்களுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை.

டூஹேயின் சித்தாந்தத்துக்கு முதல் பரீட்சை லண்டனில்தான் நடந்தது. பிரிட்டிஷ் ஜனங்கள் எழுந்து சர்ச்சிலைக் கவிழ்த்தார்களா? இல்லை. சுரங்க ரயில் நிலையங்களில் படுத்து எழுந்து மறுநாள் வேலைக்குப் போனார்கள். ஹல், பர்மிங்காம் ஆகிய இரு நகரங்களில் குண்டுவீச்சின் விளைவுகளை விஞ்ஞானிகள் வீடு வீடாக ஆராய்ந்தார்கள். 1942-ல் அவர்கள் கொடுத்த அறிக்கை, எந்த நகரத்திலும் ஜனங்கள் பீதியடைந்து நிலைகுலைந்ததற்கு அடையாளமில்லை என்று கூறியது. தம் சொந்த ஜனங்களிடம் தோற்றுப் போன சித்தாந்தம், எதிரியின் ஜனங்களிடம் மட்டும் வெற்றி பெறும் என்று பிரிட்டிஷ் தலைவர்கள் நம்பியது விந்தை. தன் வீட்டுப் பிள்ளை அடிக்கு அஞ்சாதவன், அயல் வீட்டுப் பிள்ளை மட்டும் கோழை என்று எண்ணுவது மனித இயற்கையின் பழைய மயக்கம்.

அவர்களுடைய சங்கடத்தையும் நாம் மறைக்கலாகாது. 1940-ல் பிரான்ஸ் விழுந்த பிறகு பிரிட்டன் ஐரோப்பாவில் தனித்து நின்றது. ஜெர்மனியை நேரே தாக்க அதற்கு விமானத்தைத் தவிர வேறு கருவி இல்லை. பகலில் போனால் விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. ஆகையால் இரவில் போனார்கள். இரவில் என்ன நடந்தது என்பதை 1941 ஆகஸ்டில் பட் என்ற உத்தியோகஸ்தர் விமானப் படங்களை வைத்து ஆராய்ந்து சொன்னார். இலக்கைத் தாக்கியதாகச் சொல்லிக் கொண்ட விமானங்களில் மூன்றில் ஒன்றே அதற்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் போயிருந்தது; தொழிற்சாலைகள் நிறைந்த ரூர் பிரதேசத்திலோ பத்தில் ஒன்றுதான். கூரையேறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானமேறி வைகுந்தம் காட்டுவேன் என்ற கதையாக இருந்தது நிலைமை.

இந்த உண்மை வெளிப்பட்டவுடன், வேறு வழி தேடியிருக்கலாம். அவர்களோ இலக்கை மாற்றினார்கள். தொழிற்சாலையைக் குறி வைத்தால் தவறுகிறது. ஆகவே தவற முடியாத அளவுக்குப் பெரியதான ஊரையே குறியாக வைப்போம் என்று முடிவு செய்தார்கள். 1942 பிப்ரவரி 14-ஆம் தேதி பிறந்த உத்தரவு, எதிரி நாட்டுப் பொதுஜனங்களின், முக்கியமாகத் தொழிலாளிகளின், மன உறுதியைக் குலைப்பதே இனி நோக்கம் என்று கூறிற்று. குறி வைக்க வேண்டியவை வீடுகள் நெருங்கிய பகுதிகளே, கப்பல் துறைகளோ விமானத் தொழிற்சாலைகளோ அல்ல என்பதையும் விமானப் படைத் தலைவர் போர்ட்டல் ஐயமறக் குறித்து வைத்தார். மார்ச் 30-ஆம் தேதி சர்ச்சிலின் விஞ்ஞான ஆலோசகர் செர்வெல் பிரபு ஒரு கணக்குச் சமர்ப்பித்தார். ஜெர்மனியில் லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள 58 நகரங்களை அடித்தால், அந்நாட்டு ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கினரை வீடற்றவர்களாக்கலாம். வீடிழந்தவன் மனமுடைந்து போவான் என்பது அக்கணக்கு. ஹல் நகரத்து ஆராய்ச்சியையே அவர் தமக்குச் சாட்சியாகக் காட்டினார். சாட்சி சொன்னதற்கு நேர் எதிராக வாக்குமூலத்தைப் படித்துக் காட்டும் வக்கீலை எந்த நீதிபதியும் மன்னிக்க மாட்டார். யுத்த மந்திரிசபை மன்னித்தது மட்டுமன்றி, நம்பவும் செய்தது.

எதிர்த்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். அந்தக் கணக்கு ஐந்து மடங்கு மிகையானது என்றார் டிஸார்ட். ஆறு மடங்கு மிகை என்றார் பிளாக்கெட். இந்தப் பிளாக்கெட்தான் பின்னர் நோபல் பரிசு பெற்றவர். சுதந்திர இந்தியாவின் சர்க்காருக்கு ராணுவ விஞ்ஞான விஷயத்தில் ஆலோசனை சொன்னவர். அட்லாண்டிக் சமுத்திரத்தில் கப்பல்களை மூழ்கடித்துக் கொண்டிருந்த நீர்மூழ்கிகளைத் தேட அந்த விமானங்களை அனுப்பினால் பயன் அதிகம் என்று அவர் வாதாடினார். அவ்விருவரும் இரக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. கணக்கைப் பற்றியே பேசினார்கள். அதற்கும் செவி கொடுப்பாரில்லை. யுத்தம் முடிந்த பிறகு பார்த்தபோது, செர்வெலின் கணக்கு அவ்விருவரும் எண்ணியதைவிடவும் அதிகமாகத் தவறியிருந்தது தெரிந்தது.

ஒரு நகரத்தை எரிப்பதற்கு முறை வகுக்கப்பட்டது. முதலில் பெருங்குண்டுகளால் கூரைகளையும் ஜன்னல்களையும் உடைப்பது. பிறகு சிறு தீக்குண்டுகளை ஆயிரக்கணக்கில் கொட்டுவது. தீயணைக்க வருகிறவர்களுக்காகத் தாமதித்து வெடிக்கும் குண்டுகளைக் கலந்து விடுவது. மர வீடுகள் நிறைந்த பழைய நகரமான லூபெக்கில் 1942 மார்ச்சில் இதற்கு ஒத்திகை பார்த்தார்கள். 1943 ஜூலை 27-ஆம் தேதி இரவு, ஹாம்பர்க் நகரத்தில் அது முழு வடிவம் பெற்றது. கோடை வறட்சியில் தனித்தனித் தீக்கள் ஒன்று சேர்ந்து புயலாக மாறின. மரங்களை வேரோடு பிடுங்கும் காற்று எழுந்தது. நிலவறைகளில் ஒளிந்தவர்கள் நச்சுக் காற்றால் மூச்சடைத்து இறந்தார்கள். சுமார் பத்து நாட்கள் நடந்த தாக்குதலில் மாண்டவர்கள் ஏறக்குறைய 37,000 முதல் 40,000 வரை. அதிகம் எரிந்தது ஹாமர்புரூக் முதலிய தொழிலாளிகளின் பேட்டைகளே. நீர்மூழ்கிகள் கட்டும் துறைகள் எல்ப் நதிக்கு அக்கரையில் இருந்தன. ஜெர்மானியர் கட்டாய வேலைக்காகப் பிடித்துக் கொண்டு வந்திருந்த அன்னிய அடிமைகளுக்குப் பதுங்குமிடங்களில் பெரும்பாலும் இடமில்லை. யாரை விடுவிப்பதற்காக யுத்தம் நடந்ததோ அவர்களும் அந்தத் தீயில் வெந்தார்கள்.

பலன் என்ன? பத்து லட்சம் பேர் வரை ஹாம்பர்க்கை விட்டு ஓடினார்கள். ஆனால் சில மாதங்களில் அந்நகரத்தின் தொழில்களில் பெரும் பகுதி மீண்டும் நடந்து கொண்டிருந்தது. ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி குறைந்ததா? 1942 ஆரம்பத்தில் இருந்ததைப்போல் அது 1944 நடுவில் மூன்று மடங்காக உயர்ந்திருந்தது. அமெரிக்க சர்க்கார் நியமித்த குண்டுவீச்சு ஆராய்ச்சிக் குழு, ஜெர்மன் ஜனங்களின் மனம் சோர்ந்தது உண்மையென்றும், சோர்ந்த மனத்தோடும் அவர்கள் வேலை செய்து கொண்டே இருந்தார்கள் என்றும் கண்டது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதை ஆராய்ந்தால் டூஹேயின் தூண் எங்கே உளுத்திருந்தது என்பது விளங்கும். வீடிழந்தவனுக்கு அன்றிரவே கஞ்சி வேண்டும், கம்பளி வேண்டும், தங்க இடம் வேண்டும். அவற்றைக் கொடுப்பது யார்? சர்க்கார்தான். சொந்த வீடும் சேமிப்பும் உள்ளவன் சர்க்காரை எதிர்த்து நிற்கலாம். எல்லாம் இழந்தவன் அதன் உணவுச் சீட்டுக்காக வரிசையில்தான் நிற்க முடியும். மேலும், யுத்தத்தை நிறுத்தும் அதிகாரம் அவனிடம் இருந்ததா? நாஜி ஆட்சியில் முணுமுணுத்தவனுக்கும் தூக்குமரம் காத்திருந்தது. பயம் மனிதனைப் புரட்சிக்காரனாக்குவதில்லை. அடுத்த வேளைச் சோற்றைத் தவிர வேறொன்றையும் நினையாதவனாக்குகிறது. சர்க்காரைத் தண்டிக்க எண்ணி, அந்தச் சர்க்காரைக் கண்டு நடுங்கும் பிரஜையை அடித்தால், அவன் அதன் காலடியில்தான் போய் விழுவான்.

எதிர்க் கட்சியில் உள்ள நியாயங்களையும் சொல்லுவது நமது கடமை. 1943 வசந்த காலத்தில் ரூர் பிரதேசத்தின் மீது நடந்த தாக்குதல்கள் எஃகு உற்பத்தியைப் பாதித்தன. நகரங்களைக் காக்க ஜெர்மனி ஆயிரக்கணக்கான பீரங்கிகளையும், லட்சக்கணக்கான ஆட்களையும், போர் விமானங்களையும் ருஷ்யப் போர்முனையிலிருந்து விலக்கி வைக்க வேண்டியிருந்தது. இவை பொய்யல்ல. ஆயினும் எதிரியை உண்மையில் முடக்கியது எது? 1944 மே மாதத்தில் அமெரிக்க விமானங்கள் செயற்கைப் பெட்ரோல் தொழிற்சாலைகளைத் தாக்க ஆரம்பித்தன. ஏப்ரலில் 1,75,000 டன்னாக இருந்த விமானப் பெட்ரோல் உற்பத்தி, செப்டம்பரில் 5,000 டன்னாக விழுந்தது. புதிதாகச் செய்த விமானங்கள் பறக்க எண்ணெயின்றி நின்றன. அதே வருஷக் கடைசியில் ரயில் சந்திப்புகளும் கால்வாய்களும் தாக்கப்பட்டபோது நிலக்கரி நகரவில்லை, தொழில்கள் நின்றன. இந்த எண்ணெய் இலக்குகளைத்தான் ஹாரிஸ், சர்வ ரோக நிவாரணி என்று கேலி செய்து, நகரங்களையே அடிப்பேன் என்று தமது மேலதிகாரியுடன் மல்லுக்கு நின்றார். எண்ணெயையும் ரயிலையும் அடித்த குண்டு யுத்தத்தைச் சுருக்கிற்று. படுக்கையறையை அடித்த குண்டு அப்படிச் செய்ததற்குச் சாட்சியமில்லை.

இதற்குக் கொடுத்த விலையோ அளவற்றது. ஜெர்மனியில் குண்டு வீச்சால் இறந்த பொதுஜனங்களின் தொகையை மூன்றரை லட்சம் முதல் ஆறு லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள். அந்த விமானங்களில் பறந்த வாலிபர்களின் கதி என்ன? பிரிட்டிஷ் குண்டு விமானப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பி வரவில்லை. 1944 மார்ச் கடைசியில் நூரம்பர்க்கின் மீது சென்ற ஒரே இரவில் 95 விமானங்கள் அழிந்தன. சேற்றுக் குழிச் சாவிலிருந்து இளைஞர்களைத் தப்புவிக்க வந்த சித்தாந்தம், அவர்களை வானத்தில் கொன்றது. அவர்களுடைய தைரியத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. குற்றம் அவர்களை அனுப்பிய கணக்கினுடையது.

ஜப்பானைக் காட்டி வாதாடுவோர் உண்டு. 1945 மார்ச் 9-ஆம் தேதி இரவு டோக்கியோவில் பதினாறு சதுர மைல் பரப்பு எரிந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். அதன் பின் அறுபதுக்கு மேற்பட்ட நகரங்கள் எரிந்தன. ஜப்பான் அப்போது சரணடையவில்லை; ஐந்து மாதம் தாக்குப் பிடித்தது. ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமா, 9-ல் நாகசாகி. இடையே 8-ஆம் தேதி ருஷ்யா யுத்தப் பிரகடனம் செய்தது. அதற்கு முன்பே நீர்மூழ்கிகளின் முற்றுகையால் அத்தீவுகளுக்கு எண்ணெயும் உணவும் வருவது அற்றுப் போயிருந்தது. இவற்றில் எது சக்கரவர்த்தியின் மனத்தைத் திருப்பியது என்று சரித்திராசிரியர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். ஆனால் அணுகுண்டே யுத்தத்தை முடித்தது என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக் கொண்டாலும், நமது இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

பலித்திருந்தால் நியாயமாகுமா? ஆகும் என்பவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். சீக்கிரம் முடிப்பதே எல்லாவற்றையும் நியாயமாக்குமானால், விலக்கப்பட வேண்டிய செயல் என்று யுத்தத்தில் எது மிஞ்சும்? சிறைப்பட்டவர்களைச் சித்திரவதை செய்தால் சீக்கிரம் முடியலாம். கிணறுகளில் நஞ்சு கலந்தால் சீக்கிரம் முடியலாம். எதிரியின் குழந்தைகளைப் பிணையாகப் பிடித்து ஒவ்வொன்றாகக் கொன்றால் இன்னும் சீக்கிரம் முடியலாம். இவற்றைக் கேட்டு அருவருக்கிறவன், குழந்தையைக் கையால் கொல்வதற்கும் இருபதாயிரம் அடி உயரத்திலிருந்து கொல்வதற்கும் என்ன வித்தியாசம் என்று தன்னையே கேட்டுக் கொள்ளட்டும். தொழிற்சாலையைத் தாக்கும்போது பக்கத்து வீட்டில் குண்டு விழுவது ஒரு துன்பம். வீட்டையே குறி வைப்பது வேறு. அதில் ஜனங்களின் சாவு கைத்தவறால் வருவதன்று, அதுவே கருவி.

"அவர்கள்தான் ஆரம்பித்தார்கள்" என்பது மற்றொரு சமாதானம். மகாபாரதத்தில் அசுவத்தாமனுக்கும் அந்தச் சமாதானம் இருந்தது. தன் தந்தை வஞ்சகத்தால் கொல்லப்பட்டார் என்பது அவன் குறை, குறை பொய்யன்று. ஆனால் நள்ளிரவில் பாசறைக்குள் புகுந்து, உறங்குகிறவர்களை அவன் வெட்டினான். அவன் முறையிட்ட அநீதியைப் பாரத நாடு மறக்கவில்லை. அவனை மன்னிக்கவும் இல்லை.

இங்கிலாந்திலேயே இதைத் தைரியமாகச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதை மரியாதையோடு குறிப்பிடுகிறோம். சிசெஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல், 1944 பிப்ரவரி 9-ஆம் தேதி பிரபுக்கள் சபையில் எழுந்து, நகரங்களை அடியோடு அழிப்பது எந்த நியாயத்துக்கு உட்பட்டது என்று கேட்டார். அவர் நாஜிகளின் நண்பரல்லர். அவர்களுக்குத் தப்பி வந்த அகதிகளை ஆதரித்தவர். யுத்த வெறி மிகுந்த நாளில் தம் தேசத்தை நோக்கி அவ்வாறு கேட்பதற்கு, விமானமேறிப் போகும் தைரியத்துக்குக் குறையாத தைரியம் வேண்டும். அடுத்த வருஷம் பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் எரிந்து சுமார் 25,000 பேர் இறந்த பின்னர், சர்ச்சிலே மார்ச் 28-ல் தமது தளபதிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். வேறு சாக்குகளைச் சொல்லிக் கொண்டு பயங்கரத்தை வளர்ப்பதற்காகவே நகரங்களைத் தாக்குவதை மறு பரிசீலனை செய்ய வேண்டுமென்பது அதன் சாரம். தளபதிகள் சினந்தவுடன் அதைத் திருப்பி வாங்கிக் கொண்டார். திருப்பி வாங்கினாலும், அது குற்றவாளியின் கையெழுத்துள்ள தஸ்தாவேஜு.

நியாயஸ்தலங்கள் என்ன செய்தன? நூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களை விசாரித்தபோது நகரக் குண்டுவீச்சு அவர்கள் தண்டனைக்குக் காரணமாகவில்லை. அந்தக் கதவைத் திறந்தால் வென்றவர்களும் கூண்டில் ஏற வேண்டியிருந்திருக்கும். டோக்கியோ விசாரணையில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நமது ராதாவினோத் பால் ஒருவரே, அணுகுண்டைப் போட்ட முடிவைச் சுட்டிக் காட்டி, குற்றவாளிகளின் வரிசை எங்கே முடிகிறது என்று கேட்டார். 1963-ல் டோக்கியோ ஜில்லா நீதிமன்றம், அணுகுண்டு வீசியது சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. நஷ்டஈடு கொடுக்க மட்டும் வழியில்லை என்றது. 1977-ல்தான், ஜினீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் உடன்படிக்கை மூலம், ஒரு நகரத்தை முழுவதும் ஒரே இலக்காகக் கொண்டு குண்டு வீசுவது வெளிப்படையாகத் தடுக்கப்பட்டது. அதற்குள் வியட்நாமும் லாவோஸும் எரிந்து முடிந்திருந்தன. 1964 முதல் 1973 வரை லாவோஸின் மீது மட்டும் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகள் கொட்டப்பட்டன. வெடியாமல் கிடந்தவை யுத்தம் ஓய்ந்து பல வருஷங்களுக்குப் பிறகும் உழவர்களைக் கொன்றன. அவ்வளவு கொட்டியும் அமெரிக்கா விரும்பிய முடிவு அங்கே வரவில்லை.

பிறர் குற்றத்தை இவ்வளவு விஸ்தாரமாகப் பேசிய நாம் நமது வீட்டுக் கணக்கையும் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். 1966 மார்ச் 5-ஆம் தேதி, கலகக்காரர்கள் சூழ்ந்திருந்த அய்ஸால் நகரத்தின் மீது சுதந்திர இந்தியாவின் விமானங்கள் தாக்குதல் நடத்தின. அந்த நகரம் இந்தியாவின் நகரம். அதில் வாழ்ந்தவர்கள் இந்தியப் பிரஜைகள். மிஜோ மக்கள் இன்றும் அந்த நாளைத் துக்கத்தோடு நினைவு கூருகிறார்கள். கலகம் நடந்தது உண்மை. சர்க்கார் அதை அடக்க வேண்டியிருந்ததும் உண்மை. ஆனால் குஜ்ரன்வாலாவில் வெள்ளைக்காரன் சொன்னதும் அதுதானே? தொலைப் பிரதேசத்தில் போலீஸ் காரியம் என்று ஜினீவாவில் அவன் கேட்ட விதிவிலக்கை, அவனை வெளியேற்றிய நாமே எடுத்துக் கொண்டோம். அதனால் கலகம் சீக்கிரம் முடிந்ததா? இருபது வருஷம் நீடித்தது. 1986 ஜூன் 30-ஆம் தேதி கலகத் தலைவர் லால்டெங்காவோடு உட்கார்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தமே அமைதியைக் கொண்டு வந்தது. குண்டு இருபது வருஷத்தில் செய்யாததைப் பேச்சு செய்தது.

ஆகையால் நாம் கோருவது இது. 1977-ஆம் வருஷத்து உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. அமெரிக்காவும் அதை ஊர்ஜிதம் செய்யவில்லை என்று காட்டுவது நமக்குப் பெருமையல்ல. அதன் மற்றப் பகுதிகளைப் பற்றி நமது சர்க்காருக்கு ஆட்சேபங்கள் இருந்தால் அவற்றைப் பகிரங்கமாகச் சொல்லட்டும், பார்லிமெண்டில் விவாதிக்கட்டும். ஆனால் அன்னியர் ஊராயினும் சரி, நம் சொந்த ஊராயினும் சரி, குடிகள் வாழும் இடத்தை இலக்காக்க மாட்டோம் என்ற விதியை, எந்த விதிவிலக்குமின்றி, இந்தியா ஏற்க வேண்டும். வானத்திலிருந்து விழுந்த குண்டின் கீழ் நின்ற ஜனங்களின் சந்ததியார் நாம். இந்த விதியைக் கேட்க நம்மைவிட உரிமையுள்ளவர்கள் சிலரே. அதை மீறும் உரிமை நமக்கு எள்ளளவும் இல்லை.

1946-ல் மகாத்மா காந்தி அணுகுண்டைப் பற்றி எழுதும்போது, அது அழிந்தவர்களின் ஆத்மாவை என்ன செய்தது என்பது தெரிகிறது, அழித்தவர்களின் ஆத்மாவை என்ன செய்தது என்பது போகப் போகத்தான் தெரியும் என்ற கருத்தைச் சொன்னார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். எதிரிக்குப் பயந்து ஊரைக் கொளுத்தினவனைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் மனம் வராது. இனி எவரேனும் நம் முன் வந்து, "கொடியதுதான், ஆனால் சீக்கிரம் முடியும்" என்று சொன்னால், நமது வாசகர்கள் ஹாம்பர்க்கையும் டோக்கியோவையும் அய்ஸாலையும் நினைத்துக் கொண்டு, "எப்போது முடிந்தது?" என்று மட்டும் கேட்கட்டும்.